காரை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆயர் ஈத்தாமுக்கு...

போன தீபாவளி முடிந்து, கோலகங்சாரில் உள்ள என் மாமியார் வீட்டிலிருந்து செந்தூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரவு பதினொன்றரை மணி இருக்கும். பிள்ளைகள் இருவரும் பின்னிருக்கையில் தூங்கிவிட்டார்கள். நானும் கண்ணை மூடியிருந்தேன். திடீரென்று டயர் சாலையோரக் கோட்டின் மேல் ஏறிக் கடகடவென்று அதிர்ந்தது. விழித்துப் பார்த்தால், கார் அவசரப் பாதைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. என் கணவர் கண்ணயர்ந்துவிட்டார். இரண்டு விநாடிதான். அந்த அதிர்விலேயே அவரும் விழித்து, காரை நேராக்கிவிட்டார். அடுத்த ஓய்வுப் பகுதியில் நிறுத்தி, ஆளுக்கொரு தேநீரை வாங்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

யாரைக் குறை சொல்வது? காலையிலிருந்து விருந்தினர், சமையல், உறவினர் வீடுகளுக்கு ஓட்டம். எல்லாரும் அலைந்து களைத்த பிறகு, ஒருவர் மட்டும் விழித்திருந்து வண்டி ஓட்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். நம் வீடுகளில் பல வருடங்களாக இப்படித்தான் நடக்கிறது. அன்றிரவு வீடு வந்து சேர்ந்ததும் ஒரு முடிவு எடுத்தோம். இனி தூரப் பயணம் என்றால், முதலில் ரயில் இருக்கிறதா என்று பார்ப்பது.

அந்த முடிவின்படி நாங்கள் போன முதல் பயணம்தான் இது. சனி, ஞாயிறு, இரண்டே நாள். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஆயர் ஈத்தாமுக்கு, காரே இல்லாமல்.

அப்பா வரமாட்டேன் என்றார்

ஆயர் ஈத்தாமில் என் அத்தை இருக்கிறார். அப்பாவின் ஒரே தங்கை. ஃபார்லிமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நாற்பது வருடமாகக் குடியிருக்கிறார். அப்பாவுக்கு 74 வயது, அத்தைக்கு 70. இருவரும் நேரில் பார்த்து ஆறு வருடம் ஆகிவிட்டது. வாரம் ஒருமுறை போனில் பேசுவார்கள். பேச்சு பெரும்பாலும் யாருக்கு எந்த மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

கூப்பிடும்போதெல்லாம் அப்பா ஒரே பதிலைத்தான் சொல்வார். "நான் வந்தா உங்களுக்குத் தொந்தரவும்மா. முட்டிய மடக்கி அவ்வளவு நேரம் கார்ல உட்கார முடியாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தச் சொல்லணும். நீங்க போயிட்டு வாங்க."

அவர் 'நிறுத்தச் சொல்லணும்' என்றதன் பொருள் எனக்குத் தெரியும். சர்க்கரை நோய் உள்ளவர். மருமகனிடம் அடிக்கடி "கொஞ்சம் நிறுத்துங்க மாப்பிள்ளை" என்று கேட்கக் கூச்சம். வயதானவர்கள் பலர் பயணத்தைத் தவிர்ப்பதற்கு இதுதான் உண்மையான காரணம். வெளியில் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்பதில்லை.

"இந்தத் தடவை கார் இல்லப்பா, ரயில்" என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஜன்னல் சீட்டு கிடைக்குமா?" என்று கேட்டார்.

வெளியில் நின்று பார்த்த ரயில்

அப்பா ரயில்வேயில் வேலை செய்தவர். அதிகாரி இல்லை. தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் வேலை. தைப்பிங், பாடாங் ரெங்காஸ் பகுதியில் வெயிலிலும் மழையிலும் கல் அள்ளிப் போட்டு, கட்டை மாற்றி, ஆணி முடுக்கி வாழ்ந்தவர். 55 வயதில் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு, 2008-இல்தான் ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரையிலான இரட்டைப் பாதை, மின்மயத் திட்டத்தின் வேலை தொடங்கியது. 2014-இல் முடிந்து, மறுவருடம் இ.டி.எஸ். மின்சார ரயில் அந்தப் பாதையில் ஓட ஆரம்பித்தது. அந்தப் புதிய பாதையில் அப்பா ஒருமுறைகூடப் போனதில்லை.

சனிக்கிழமை காலை கே.எல். சென்ட்ரலில் ஏறினோம். பட்டர்வர்த்துக்கு ஏறக்குறைய நாலேகால் மணி நேரப் பயணம். ரயில் வேகமெடுத்ததும், பெட்டியில் உள்ள திரையில் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் என்று காட்டியது. என் மகன் தாத்தாவைத் தட்டிக் காட்டினான். தாத்தா திரையைப் பார்க்கவில்லை. பக்கத்துத் தண்டவாளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டையெல்லாம் சிமெண்டு. எங்க காலத்துல மரம். மழை பெஞ்சா ஊறிப்போயி, ஒண்ண மாத்த நாலு பேரு தூக்கணும்" என்றார்.

ஈப்போவைத் தாண்டியதும் அவர் பேச்சு கூடிவிட்டது. பாடாங் ரெங்காஸ் அருகே மலை குறுக்கே வரும். பழைய ஒற்றைப் பாதை அந்த மலையைச் சுற்றி, காட்டுக்குள் வளைந்து வளைந்து, சிறு சிறு குகைகள் வழியாகப் போகும். இப்போது மலையைக் குடைந்து 3 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள பெராப்பிட் சுரங்கம் போட்டிருக்கிறார்கள். ரயில் உள்ளே நுழைந்து, ஜன்னலில் எங்கள் முகமே தெரியத் தொடங்கியபோது, அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் எடுத்தார். வெளியே வந்ததும், "இதே தூரத்துக்கு அந்தக் காலத்து ரயில் எவ்வளவு நேரம் மூச்சு வாங்கும் தெரியுமா?" என்று பேரனைக் கேட்டார்.

தைப்பிங் நிலையத்தில் ரயில் நின்றது. நம் நாட்டின் முதல் ரயில் பாதை 1885 ஜூன் 1-ஆம் தேதி இந்தத் தைப்பிங்கிலிருந்துதான் தொடங்கியது. இன்று கோலசெப்பெத்தாங் என்று அழைக்கப்படும் போர்ட் வெல்ட் வரை சுமார் 13 கிலோமீட்டர். ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோவதற்காகப் போட்ட பாதை. அதைப் போட இலங்கையிலிருந்து தொழிலாளர்களை அழைத்து வந்தார்கள். அதன் பிறகு தீபகற்பம் முழுக்க ரயில் பாதை நீண்டபோது, காட்டை வெட்டியதிலும் கட்டை போட்டதிலும் பெரும் பங்கு தமிழ்நாட்டிலிருந்து வந்த தமிழர்களுடையது. பள்ளிப் புத்தகத்தில் இதை என் பிள்ளைகள் இரண்டு வரியாகப் படித்திருக்கலாம். இங்கே அவர்களுக்கு, அந்த வரிசையில் வந்த ஒருவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நெஸ்லோ குடித்துக்கொண்டிருந்தார்.

தைப்பிங்கை விட்டதும் புக்கிட் மேரா ஏரி. ஏரியின் மேலேயே நீண்ட பாலம். இருபுறமும் தண்ணீர். அந்தச் சில நிமிடங்களுக்கு என் மகளும் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டாள்.

என் கணவர் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். மகனோடு இரண்டு ஆட்டம் தாயம் ஆடினார். மகளோடு அவளுடைய பள்ளி விஷயங்களைப் பேசினார். மாமனாரிடம் ரயில்வே கதை கேட்டார். காரில் போகும்போது பிள்ளைகளுக்குத் தெரிவது அவருடைய பின்னந்தலை மட்டும்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்பாவும் யாரிடமும் அனுமதி கேட்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை கழிவறைக்குப் போய் வந்தார்.

தண்டவாளம் இல்லாத ரயில் நிலையம்

பட்டர்வர்த் நிலையத்தில் இறங்கினால், பினாங்கு சென்ட்ரல் வழியாகக் கூரையிட்ட நடைபாதையிலேயே ஃபெரி துறைக்குப் போய்விடலாம். லிஃப்ட் இருக்கிறது. இருந்தாலும் முட்டி வலி உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் நீளமான நடைதான். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போனோம்.

பினாங்கு ஃபெரி சேவை 1894-இல் தொடங்கியது. கார்களையும் ஏற்றிச் சென்ற பழைய இரண்டடுக்குப் படகுகள் 2020-ஆம் ஆண்டு முடிவோடு ஓய்வு பெற்றன. 2023 ஆகஸ்டு முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. இவை நடந்து வருபவர்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் மட்டுமே. கட்டணத்தை டச் அண்ட் கோ அட்டையில் தட்டிக் கட்டிவிடலாம். பழைய படகின் திறந்த தளத்தில் நின்று காற்று வாங்கிய நினைவு உள்ளவர்களுக்கு, குளிர்சாதன அறைக்குள் உட்காரும் புதிய படகு கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் கண்ணாடி வழியே ஜோர்ஜ்டவுன் மெல்ல மெல்லப் பெரிதாகி வருவதைப் பார்ப்பது இன்றும் அதே சுகம்தான்.

கரையேறியதும் மணிக்கூண்டோடு ஒரு வெள்ளைக் கட்டடம் தெரியும். இப்போது சுங்கத்துறை அலுவலகம். 1907-இல் இது ரயில்வேக்காகக் கட்டப்பட்டது. தீவில் ரயில் பாதை கிடையாது. ஆனாலும் பயணிகள் இங்கே டிக்கெட் வாங்கி, படகில் அக்கரைக்குப் போய் ரயில் ஏறினார்கள். 'தண்டவாளம் இல்லாத ரயில் நிலையம்' என்று அப்பா சொன்னதும், பிள்ளைகள் நம்பாமல் கட்டடத்தைச் சுற்றித் தண்டவாளம் தேடினார்கள்.

ஃபெரி துறையிலேயே 204-ஆம் எண் ரேப்பிட் பினாங்கு பேருந்து கிடைக்கிறது. கொம்தார், ஆயர் ஈத்தாம் வழியாக நேராகக் கொடிமலை அடிவாரத்துக்குப் போகிறது. நூறு வருடத்துக்கு முன்பு இதே வழியில் மின்சார டிராம் ஓடியது. அன்றைய பயணியும் ரயில், படகு, டிராம் என்று மாறி மாறித்தான் ஆயர் ஈத்தாமுக்கு வந்திருப்பார். டிராம் 1936-இல் நின்றுபோனது. அதன் இடத்தில் இப்போது பேருந்து. மற்றபடி வழி மாறவில்லை.

அண்ணனும் தங்கையும்

ஆயர் ஈத்தாம் என்றால் மலாயில் கருப்புத் தண்ணீர். ஊருக்குப் பின்னால் மலை, முன்னால் எப்போதும் நெரிசலான சந்தை. சந்தைப் பக்கம் போனால் புளியும் மீனும் சேர்ந்த லக்சா வாசனை மூக்கைத் துளைக்கும். அத்தை வீட்டுச் சமையலறை ஜன்னலில் கெக் லோக் சி ஆலயம் முழுசாகத் தெரிகிறது. 1930-இல் கட்டி முடித்த அதன் ஏழடுக்குக் கோபுரத்துக்கு அடிப்பகுதி சீனப் பாணி, நடுப்பகுதி தாய்லாந்துப் பாணி, உச்சி பர்மியப் பாணி. பக்கத்தில் 2002-இல் நிறுவிய, 30 மீட்டர் உயர வெண்கலக் குவான் யின் சிலை. பாத்திரம் கழுவும்போது தினமும் பார்ப்பதால், அத்தைக்கு அது ஒரு பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

லிஃப்ட் திறந்ததும் அத்தை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் முதலில் அவர் சொன்னது, "என்னண்ணே, இப்படி எளச்சிட்டீங்க?"

"நீ மட்டும் என்ன" என்றார் அப்பா.

அவ்வளவுதான். சினிமாவில் வருவது போல் கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை. மத்தியானம் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். அப்பா வழக்கத்தைவிட இரண்டு கரண்டி சோறு அதிகம் சாப்பிட்டார். இரவு பத்து மணிக்குத் தூங்கப் போகும் மனிதர், பன்னிரண்டு மணி வரை கூடத்தில் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தார். மாத்திரையைப் பற்றி இல்லை. லைன் வீட்டில் வளர்ந்தபோது ஆடு தொலைந்த கதை, பாட்டி திட்டிய கதை. ஆறு வருடம் போனில் பேசியும் வராத கதைகள்.

இரண்டு வாளிகள்

கொடிமலைக்கு ஞாயிறு காலையே கிளம்பினோம். மலை ரயில் காலை 6.30 மணிக்கே ஓடத் தொடங்கிவிடுகிறது. வார இறுதியில் பத்து மணிக்கு மேல் போனால் வரிசை நீண்டுவிடும் என்று அத்தை எச்சரித்திருந்தார். இத்தனைக்கும் அத்தை மலை ஏறி இருபது வருடம் ஆகிறதாம். "பக்கத்துலயே இருக்கு, எப்ப வேணாலும் போகலாம்னு இருந்துட்டேன்" என்றார்.

ரயில் வருவதற்கு முன்னால் இந்த மலைக்குக் குதிரையிலும், ஆட்கள் சுமக்கும் டோலியிலும்தான் போனார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருமுறை பாதை போட்டுப் பார்த்து, அது சரிவர ஓடாமல் கைவிடப்பட்டது. இரண்டாவது முயற்சியில் 1923 அக்டோபரில் பொதுமக்களுக்குச் சேவை தொடங்கியது. நான் சிறு பிள்ளையாக வந்தபோது ஓடிய சிவப்புப் பெட்டிகள் 1977-இல் வந்தவை. அப்போது பாதி மலையில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும், உச்சிக்குப் போக அரை மணி நேரம் ஆகும். 2011 முதல் ஓடும் இன்றைய பெட்டி, மாறாமல் நேராக மேலே போகிறது. சுமார் 2 கிலோமீட்டர் பாதை. ஒரு பெட்டியில் 100 பேர்.

"இதுக்கு இஞ்சின் எங்கம்மா?" என்று மகன் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அப்பாதான் சொன்னார். "கெணத்துல ராட்டினம் பாத்திருக்கியா? ஒரே கயிறு, ரெண்டு பக்கமும் வாளி. ஒண்ணு எறங்கினா இன்னொண்ணு ஏறும். இதுவும் அதேதான். மோட்டாரு மேல இருக்கு. எறங்குற பெட்டியோட பாரம் ஏறுற பெட்டியத் தூக்க ஒத்தாச பண்ணும்." சொல்லி முடிக்கும்போது, பாதி வழியில் பாதை இரண்டாகப் பிரிந்தது. எதிரே வந்த பெட்டி எங்களைத் தொட்டுவிடும் போல் உரசிக்கொண்டு இறங்கியது. மகன் வாயைப் பிளந்தான். அதற்கு மேலே சுமார் 80 மீட்டர் நீளச் சுரங்கம், செங்குத்தாக ஏறுகிறது.

மேலே இறங்கியதும் அப்பா தண்டவாளத்தை எட்டிப் பார்த்து, "ஒரு மீட்டரு. நம்ம லைனு அகலமும் இதேதான்" என்றார். கீழ்நாட்டு ரயிலும் மலை ரயிலும் ஒரே அகலம். தலைமுறைக்கும் அந்த அகலத்தை அளந்த கண்ணுக்கு அளவுகோல் தேவையில்லை.

உச்சியில் நகரத்தைவிடச் சுமார் 5 பாகை குளிர்ச்சி. மலையின் உயரம் 833 மீட்டர். பெரிய காடு அப்படியே இருக்கிறது. 2021-இல் யுனெஸ்கோ இந்த மலைப் பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. நிலையத்திலிருந்து சிறிது தூரத்தில் அருளொளி திருமுருகன் ஆலயம். அப்பாவும் அத்தையும் கைத்தடியை ஊன்றி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து மெதுவாக ஏறினார்கள். நாங்கள் உதவிக்குப் போனோம். வேண்டாம் என்று கை காட்டினார்கள். கும்பிட்டு முடித்து வெளியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கீழே தெரிந்த ஜோர்ஜ்டவுனையும், கடலையும், அக்கரையில் பட்டர்வர்த்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அங்கேருந்துதான் வந்தோம்" என்று அப்பா தங்கைக்குக் காட்டினார்.

நீங்கள் போவதானால்...

செலவை மறைக்கக் கூடாது. எங்கள் ஐந்து பேருக்கும் போக, வர ஆன ரயில் கட்டணம், பெட்ரோலும் டோலும் சேர்ந்த காரின் செலவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அத்தை வீட்டில் தங்கியதால் விடுதிச் செலவு மிச்சம். மூன்று பேருக்கு மேற்பட்ட குடும்பங்கள் ரயிலைத் தவிர்ப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம், அது நியாயமான காரணம். எல்லா வாரமும் எங்களாலும் முடியாது. வருடத்துக்கு இரண்டு முறை என்று திட்டமிட்டிருக்கிறோம்.

வார இறுதிக்கும் பள்ளி விடுமுறைக்கும் இருக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும். கே.டி.எம். செயலியில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே. முதியவர்களோடு போனால், கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ரயிலுக்குள் குளிர் அதிகம், சால்வை அவசியம். பேருந்துக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கொடிமலை ரயிலுக்கு மைகாட் காட்டினால் கட்டணம் குறைவு. பராமரிப்புக்காகச் சில நாள் மலை ரயில் நிறுத்தப்படும், போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்தையும் இரண்டு நாளில் பார்க்க நினைக்காதீர்கள். நாங்கள் லிட்டில் இந்தியாவையும் தண்ணீர்மலையையும் அடுத்த முறைக்கு வைத்துவிட்டோம்.

ஞாயிறு மாலை ரயிலில் திரும்பினோம். அத்தை கட்டிக் கொடுத்த புளிச்சாதத்தைப் பிறைப் பக்கம் தாண்டியதுமே பிள்ளைகள் பிரித்துவிட்டார்கள். அப்பா, அடுத்த தடவை தங்கையைக் கோலாலம்பூருக்குக் கூட்டி வருவது எப்படி என்று மகளோடு சேர்ந்து ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் தைப்பிங் வருவதற்குள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார். ஈப்போவில் ஆட்கள் ஏறி இறங்கிய சத்தத்திலும் எழவில்லை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். நான் அவரை எழுப்பவில்லை.